அண்ணாமலை வள்ளல்

கடலூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை பரங்கிப்பேட்டையைக் கடந்து, வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரத்தை அடைகின்றது. அங்கே மேற்குத் திசையில் தில்லைப் பெருங்கோயிலின் கோபுரங்கள் நான்கும் வானளாவி நிற்கின்றன. இருப்புப்பாதைக்குக் கிழக்கே, அகன்ற சாலைகளும், மரச்சோலைகளும், மாணவர் விடுதிகளும், நூல் நிலையமும், கல்லூரிக் கட்டடங்களுமாக ஒரு தனி நகரே அமைந்துள்ளது. அதற்கு அண்ணாமலை நகர் என்பது பெயர். 1920ஆம் ஆண்டிற்கு முன்னர் அத்தகைய நகர் ஒன்று அங்கே இல்லை. ஞானசம்பந்தர் பாடிய திருவேட்களம் என்னும் சிற்றூரும், அதனைச் சூழ்ந்த வெட்டவெளியும், வயல்களுமே இருந்தன. அவ்வெளியில் ஒரு பல்கலைக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அரசர் சர் அண்ணாமலை செட்டியார் ஆவர்.

அவர் கடலூர்ப் பகுதியிற் பிறந்தவர் அல்லர். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், முத்தையா செட்டியார்க்கும் மீனாட்சி ஆச்சியார்க்கும் திருமகனாராக 1881ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள் தோன்றினார். நகரத்தார் குடியினர் அந்நாளில் பருமா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளிற் கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்து பெரும்பொருள் ஈட்டினர். நாட்கணக்கில் மரக்கலத்திற் சென்று, மனைவி மக்களைப் பிரிந்து, சில ஆண்டுகள் அயல்நாட்டில் தங்கிக் கணக்கை முடித்து ஊர் திரும்புதல் அவர்தம் வாழ்க்கை முறை. சொல் தவறாமை அவ்வணிகத்தின் முதல். கையிலுள்ள பணம் அதற்கு அடுத்ததே.

நகரத்தாரிடையே மகமை என்னும் வழக்கம் ஒன்று உண்டு. ஊதியத்தில் ஒரு பகுதியை அறத்திற்கென்று முதலிலேயே ஒதுக்கிக் கணக்கில் எழுதிவிடுவர். அவ்வாறு சேர்ந்த பொருள் கோயில் திருப்பணியாகவும், சத்திரமாகவும், குளமாகவும், வேத பாடசாலையாகவும் உருப்பெறும். பாடல் பெற்ற தலங்கள் பல அவர்கள் செய்த திருப்பணியால் புத்துயிர் பெற்றன. தில்லைக் கோயிலிலும் அண்ணாமலையாரின் குடும்பத்தார் திருப்பணி செய்தனர். அவ்வழியாகவே சிதம்பரத்தோடு அவர்க்குத் தொடர்பு உண்டாயிற்று. அவருடைய தமையனாராகிய இராமசாமி செட்டியாரும் அந்நகரின் நலத்தில் ஈடுபட்டார். அவர் பெயர் தாங்கிய பள்ளி ஒன்று இன்றும் சிதம்பரத்தில் நடைபெறுகின்றது. கல்லால் கோபுரம் எடுத்த குடும்பம் அடுத்த தலைமுறையில் கல்லூரி எடுக்க முற்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

அண்ணாமலையாரின் இளமையில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னையில் ஆர்பத்நாட் என்னும் ஆங்கில வணிக நிறுவனம் வீழ்ந்தது. அதனை அசைக்க முடியாத மலையென நம்பிச் சிறுகச் சிறுகச் சேமித்த பொருளை அங்கே இட்டு வைத்திருந்த எண்ணற்ற குடும்பத்தினர் ஒரே நாளில் வறியராயினர். வெள்ளையர் நடத்தும் வங்கியே பாதுகாப்பானது என்னும் எண்ணம் அன்றோடு கலைந்தது. வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால், நம் நாட்டார் பொருளைக் கொண்டு நம் நாட்டாரே நடத்தும் இந்தியன் வங்கி 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர்களுள் இராமசாமி செட்டியாரும் ஒருவர். அண்ணாமலையாரும் பின்னர் அவ்வங்கியின் வளர்ச்சியிற் பங்கு கொண்டார். பொதுமக்களின் நம்பிக்கையை ஏற்று நடத்தும் அமைப்பு ஒன்று எவ்வளவு உறுதியான அடிப்படையில் நிற்றல் வேண்டும் என்பதனை 25 வயதில் கண்ணெதிரே கண்டவர் அவர்.

தம் தொழிலோடு அமையாது பொதுவாழ்விலும் அவர் புகுந்தார். தில்லியில் நடைபெற்ற நாட்டு மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1923ஆம் ஆண்டு அரசாங்கம் அவர்க்குச் சர் பட்டம் வழங்கிற்று. 1929ஆம் ஆண்டில் அரசர் என்னும் பட்டமும் வழிவழியாக வரும் உரிமையோடு அளிக்கப்பெற்றது. விடுதலைப் போர் வலுத்திருந்த காலத்தில் அவர் ஆங்கில அரசாங்கத்தோடு ஒத்துழைத்து நின்றவர் என்பதனை மறைக்க வேண்டுவதில்லை. அவ்வொத்துழைப்பினாற் பெற்ற செல்வாக்கை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே நாம் காண வேண்டுவது.

அந்நாளில் உயர்கல்வி எந்நிலையில் இருந்தது? தென்னாடு முழுமைக்கும் 1857ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக் கழகம் ஒன்றே நெடுங்காலம் இருந்தது. இலண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த அது, தொடக்கத்தில் பாடம் சொல்லும் இடமாக இருக்கவில்லை. தேர்வு நடத்தும் இடமாகவே இருந்தது. பல நூறு கல் தொலைவில் உள்ள கல்லூரிகளில் ஆசிரியர் கற்பிப்பர். பாடத்திட்டத்தைச் சென்னையில் உள்ளோர் வகுப்பர். மாணவர் முகத்தையே கண்டிராத ஒருவர் விடைத்தாளைத் திருத்துவார். ஆசிரியர் தாம் விரும்பும் நூலைக் கற்பிக்க இயலாது. மாணவர் தேர்வுக்கு வாராத எதனையும் படிக்க விரும்பார். பட்டம் பெற்றோர் பெரும்பாலும் அரசாங்க அலுவலகங்களில் எழுத்தர் பணியை நாடினர். ஆட்சியை நடத்தத் தேவையான கைகளை அக்கல்வி அளித்தது. நாட்டை வளர்க்கத் தேவையான ஆராய்ச்சியாளரையும் நல்லாசிரியரையும் போதிய அளவில் அளிக்கவில்லை.

இதுவும் எல்லார்க்கும் எளிதிற் கிட்டுவதாக இல்லை. தென்னார்க்காட்டு மாவட்டத்து இளைஞர் ஒருவர் பட்டப் படிப்பை விரும்பினால், சென்னைக்கோ கும்பகோணத்திற்கோ திருச்சிராப்பள்ளிக்கோ செல்ல வேண்டும். நிலக்கடலையும் நெல்லும் விளைவித்து வாழும் குடியானவர் எத்தனை பேர் தம் மகனை வெளியூர் விடுதியில் வைத்து நான்கு ஆண்டுகள் படிக்க வைத்தல் கூடும்? பெண்மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதே இல்லை.

கடலூர்ப் பகுதி கல்வி முயற்சிக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டிலேயே சிதம்பரத்தில் சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பச்சையப்ப வள்ளலின் அறக்கட்டளையைச் சேர்ந்த பள்ளியும் அந்நகரில் ஏற்பட்டது. வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டு தருமச்சாலை அமைத்து ஏற்றிய அடுப்பு அணையாமல் பசித்தோர்க்கு உணவளித்து வந்தது. வயிற்றுப் பசிக்கு வழி செய்த அந்நிலத்தில் உயர்கல்விப் பசிக்கு ஒரு வழி பிறவாதிருந்தது.

1920ஆம் ஆண்டில் அண்ணாமலையார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னாளில் சோழர் வரலாறு எழுதிப் பெரும்புகழ் பெற்ற நீலகண்ட சாஸ்திரியார் அக்கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார். அடுத்துத் தமிழுக்கென்றும் வடமொழிக்கென்றும் தனித்தனிக் கல்லூரிகள் எழுந்தன. தமிழ்க் கல்லூரிக்கு யாரை முதல்வராக்குவது? ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் அச்சேற்றிய உ. வே. சாமிநாத ஐயர் அப்போது அரசாங்கக் கல்லூரிப் பணியினின்றும் ஓய்வு பெற்றிருந்தார். அகவை எழுபதை அணுகியிருந்த அப்பெரியாரை அண்ணாமலையார் வேண்டி அழைத்தார். 1924 முதல் 1927 வரை ஐயர் சிதம்பரத்தில் முதல்வராக இருந்து கற்பித்தார். கல்லூரியின் பெருமை அதன் சுவர்களால் அமைவதன்று, அங்கே கற்பிப்போரால் அமைவது என்பதனை வணிகராகிய அவர் நன்கு உணர்ந்திருந்தார். தம் வாழ்நாள் முழுதும் அவர் ஆசிரியரைத் தேடுவதிற் காட்டிய ஆர்வம், பட்டம் பதவிகளைத் தேடுவதிற் காட்டிய ஆர்வத்தினும் மிகுதி என்றே எனக்குத் தோன்றுகின்றது.

இனி, பல்கலைக் கழகம் பிறந்த வரலாற்றைக் காண்போம்.

1917ஆம் ஆண்டில், கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் குறைகளை ஆராய சாட்லர் என்பார் தலைமையில் ஒரு குழு அமைந்தது. தேர்வு மட்டுமே நடத்தும் பல்கலைக் கழகங்களால் கல்வி தரம் குன்றுகின்றது என்றும், ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் உடனுறைந்து கற்கும் பல்கலைக் கழகங்கள் தேவை என்றும் அக்குழு கருதிற்று. அதன் பயனாக டாக்கா, இலக்குமணபுரி முதலிய இடங்களில் புதிய பல்கலைக் கழகங்கள் தோன்றின. தெற்கே அத்தகையது ஒன்றும் இல்லை. 1926ஆம் ஆண்டில் ஆந்திரர்க்கெனத் தனிப் பல்கலைக் கழகம் ஏற்பட்டது. தமிழர்க்கும் ஒன்று வேண்டும் என்னும் கோரிக்கை உடனே வலுத்தது. அதனை ஆராயச் சென்னை அரசாங்கம் ஒரு குழுவையும் அமைத்தது. ஆனால் எவ்வூரில் அமைப்பது, பொருளுக்கு எங்கே போவது என்னும் வினாக்கள் எளிதில் தீர்வனவாக இல்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்வித்துறை நம் நாட்டு அமைச்சர் கைக்கு வந்திருந்தது உண்மையே. எனினும், கல்வியை அமைச்சரிடம் ஒப்படைத்த ஆட்சிமுறை பொருளாதாரத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. திட்டம் தீட்டலாம்; செலவிட இயலாது.

இந்நிலையில் அண்ணாமலையார் முன்வந்தார். தாம் சிதம்பரத்தில் நிறுவிய கல்லூரிகள் அனைத்தையும், அவற்றின் நிலம், கட்டடம், உடைமைகளோடும், அவற்றுக்கு மேல் 20 இலட்சம் ரூபாயும் அளிப்பதாகவும், அவற்றைக் கொண்டு உடனுறைந்து கற்கும் பல்கலைக் கழகம் ஒன்றை நிறுவுக என்றும் அரசாங்கத்துக்கு அறிவித்தார். ஒரு பவுன் பொன் 14 ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. அரசாங்கமும் தன் பங்காக ஒரு மூலதனத்தையும் ஆண்டுதோறும் நல்கையையும் அளிக்க இசைந்தது. டாக்டர் சுப்பராயன் முதலமைச்சராக இருந்த காலத்தில் சட்டம் நிறைவேறி, 1929ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் பிறந்தது.

பொருள் கொடுத்துக் கல்விக்கு உதவிய செல்வர் இந்நாட்டிற் பலர் உளர். பெங்களூரில் அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் தோன்ற ஜாம்ஷெட்ஜி டாட்டா வழி செய்தார். அது 1909ஆம் ஆண்டு ஏற்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. காசியில் 1916ஆம் ஆண்டு தோன்றிய இந்துப் பல்கலைக் கழகம், மாளவியா நாடெங்கும் கையேந்திப் பெற்ற பொருளால் அமைந்தது. ஒரே மனிதர் தம் வாழ்நாளிலேயே தம் பொருளைக் கொண்டு பல்கலைக் கழகம் ஒன்றற்கு வித்திட்டு, அது தழைத்ததைக் கண்ணாற் கண்டு மகிழ்ந்தமை அரிய நிகழ்ச்சி.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். அரசாங்கம் செய்ய வேண்டிய பணியைத் தனி மனிதர் ஒருவர் செய்யும்போது, அப்பணியை நடத்தும் உரிமை யாரைச் சாரும்? கொடுத்தவரையா? வரி செலுத்தி ஆண்டுதோறும் நல்கை அளிக்கும் மக்களையா? சட்டம் இரண்டிற்கும் இடையே ஒரு வழியை வகுத்தது. மாகாண ஆளுநர் வேந்தராக இருப்பார். நிறுவனரும், அவருக்குப் பின் அவர் வழித்தோன்றலும் இணைவேந்தராக இருப்பர். துணைவேந்தரை அமர்த்துவதற்குரிய பெயர்களை நிறுவனர் எழுதித் தர, அவற்றுள் ஒன்றை வேந்தர் தேர்ந்தெடுப்பார். நிறுவனரிடத்துக் கல்வியார்வமும் நடுவுநிலைமையும் உள்ளவரை இவ்வேற்பாடு இனிது நடக்கும். அவ்விரண்டும் வழிவழியாக இறங்கும் சொத்துகள் அல்லவே என்பதனை அன்று சட்டம் இயற்றியோர் எண்ணினரோ இல்லையோ, பிற்காலத்தில் அது பெரிய வினாவாக எழுந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

அண்ணாமலையார் தம் உரிமையைப் பயன்படுத்திய முறை பாராட்டத்தக்கது. முதல் துணைவேந்தராகச் சாமுவேல் ரங்கநாதன் அமர்ந்தார். 1935ஆம் ஆண்டில் அவரை அடுத்து வந்தவர் சீனிவாச சாஸ்திரியார். வலங்கைமானில் வறிய குடும்பத்திற் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமை ஆசிரியராகப் பணியாற்றி, பின் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்து, தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் பேராளராக இருந்து திரும்பியவர் அவர். ஆங்கிலேயரே வியக்கும் வண்ணம் ஆங்கிலம் பேச வல்லவர். அவர் ஐந்தாண்டுகள் சிதம்பரத்திற் பணியாற்றினார். நிறுவனர் இந்து சமயப் பற்று மிக்கவர். முதல் துணைவேந்தரோ கிறித்தவர். இத்தகைய வேறுபாடு எதுவும் தகுதிக்குத் தடையாகவில்லை.

தமிழ்த்துறையில் முதற் பேராசிரியராக விளங்கியவர் விபுலானந்த அடிகளார். ஈழநாட்டு மட்டக்களப்புப் பகுதியிற் பிறந்து, அறிவியலிற் பயிற்சி பெற்று, இராமகிருஷ்ணர் திருமடத்தில் துறவு பூண்ட அவர், பழந்தமிழரின் யாழைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து 1947ஆம் ஆண்டு யாழ்நூலை வெளியிட்டார். அவர்க்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியார் அத்துறையின் தலைமையை ஏற்றார். வடமொழியும் தென்மொழியும் வல்ல பண்டிதமணி கதிரேசச் செட்டியாரும் அங்கே பேராசிரியராக இருந்தார்.

கணிதத்துறையில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் இது பலர் அறியாதது. குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் ஊரிற் பிறந்த சு. சி. பிள்ளை என்னும் இளைஞர் 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். எண்களைப் பற்றிய ஒரு புதிர் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. எந்த முழு எண்ணையும் நான்கிற்கு மேற்படாத வர்க்க எண்களின் கூட்டுத் தொகையாக எழுதிவிடலாம். 7 என்பதனை நான்கும் மூன்று ஒன்றுகளும் சேர்ந்தது எனல் போல. கன எண்களாயின் ஒன்பது போதும். 23 என்னும் எண்ணை எடுத்துக்கொண்டு நீங்களே முயன்று பாருங்கள். இரண்டு எட்டுகளும் ஏழு ஒன்றுகளும் தேவைப்படும். இவ்வாறே ஆறாம் படி எண்களாயின் எத்தனை வேண்டும்? ஏழாம் படி, எட்டாம் படி ஆயின்? 1770ஆம் ஆண்டில் வேரிங் என்னும் ஆங்கிலேயர் எழுப்பிய இவ்வினாவிற்கு ஐரோப்பிய அறிஞர் பலரும் முழு விடை காணாதிருந்தனர். சிதம்பரத்துச் சிற்றூரில் இருந்துகொண்டே பிள்ளை 1935, 1936ஆம் ஆண்டுகளில் இதில் பெரும்பகுதிக்கு விடை கண்டார். அமெரிக்காவில் டிக்சன் என்னும் அறிஞரும் அதே காலத்தில் தனியே அம்முடிவுகளை அடைந்தார். ஆறாம் படிக்கு 73 எண்கள் போதும் என்று 1940ஆம் ஆண்டில் நிறுவியவரும் பிள்ளையே. 1941 வரை அவர் அங்கே பணியாற்றினார். 1950ஆம் ஆண்டில் அமெரிக்கா செல்லும் வழியில் எகிப்து நாட்டில் வானூர்தி வீழ்ந்து அவர் உயிர் துறந்தது பெருந்துயரம். தேர்வு நடத்துதல் ஒன்றையே தொழிலாகக் கொண்ட கல்வி முறையில் இத்தகைய ஆராய்ச்சிக்கு நேரமும் இடமும் கிடைத்தல் அரிது.

பல்கலைக் கழகம் தோன்றிய ஆண்டிலேயே இசைக் கல்லூரி ஒன்றும் சிதம்பரத்தில் ஏற்பட்டது. சபேச ஐயர், பொன்னையா பிள்ளை முதலிய இசைப் பெருமக்கள் அங்கே கற்பித்தனர். முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் தமிழிற் பாடல் இயற்றிய நிலப்பகுதி அது. எனினும் இசை அரங்குகளில் அந்நாளில் ஒலித்தவை பெரும்பாலும் தெலுங்குப் பாடல்களும் வடமொழிப் பாடல்களுமே. தமிழ்ப் பாடல்கள் அரங்கின் இறுதியில் ஒன்றோ இரண்டோ இடம் பெறும். கேட்போர் தமிழர், பாடுவோர் தமிழர், பாட்டு மட்டும் பொருள் விளங்காத மொழியில் இருத்தல் முறையா என்று அண்ணாமலையார் வினவினார். 1941ஆம் ஆண்டில் அண்ணாமலை நகரில் தமிழ் இசை மாநாடு கூடிற்று. தமிழ்ப் பாடல்களுக்கு அரங்கில் முதலிடம் தருதல் வேண்டும் என்னும் கருத்து அங்கே வலியுறுத்தப்பெற்றது. இசைக்கு மொழி இல்லை, இக்கிளர்ச்சி இசையின் தரத்தைக் கெடுக்கும் என்று சென்னையில் இசை வல்லார் சிலர் எதிர்த்தனர். இதழ்களில் சொற்போர் மூண்டது. கல்கியும் இரசிகமணி சிதம்பரநாத முதலியாரும் தமிழ் இசையின் பக்கம் நின்று வாதிட்டனர். எதிர்ப்பினைக் கண்டு அண்ணாமலையார் தளரவில்லை. 1943ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது, ஆர். கே. சண்முகம் செட்டியார் அதன் தலைவரானார். தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சி அச்சங்கத்தின் ஆதரவில் பின்னர்த் தொடர்ந்து நடைபெற்றது. இன்று தமிழ்ப் பாடல் பாடுவதற்கு எவரும் நாணுவதில்லை என்றால், அதற்கு அம்மாநாட்டிற்கும் பங்கு உண்டு.

நிறுவனர் அரசாங்கத்தின் நண்பர். மாணவரோ காலத்தின் பிள்ளைகள். 1940ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அண்ணாமலை நகர் விடுதிகளில் காங்கிரசு, பொதுவுடைமை, தன்மதிப்பு இயக்கம் ஆகிய மூன்றன் கொள்கைகளும் இரவு முழுதும் வாதிக்கப்பெற்றன. பின்னாளில் தமிழ்நாட்டின் அமைச்சர்களாக விளங்கிய நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே தமிழ் கற்றவர்கள். பொதுவுடைமை இயக்கத் தலைவராகிய பாலதண்டாயுதமும் உமாநாத்தும் அங்கே மாணவராக இருந்தவர்களே. பல்கலைக் கழகம் அமைத்தவர் விரும்பிய வழியிலேயே மாணவர் சிந்தித்தல் வேண்டும் என்றால், அதற்குப் பல்கலைக் கழகம் எதற்கு?

1945ஆம் ஆண்டில் பொறியியற் கல்வியும் அங்கே தொடங்கிற்று. போர் முடிந்து நாடு விடுதலையை நோக்கி நின்ற காலம் அது. அணை கட்டவும், பாலம் அமைக்கவும், மின்சாரம் வழங்கவும் நம்மவரே தேவைப்படுவர் என்பது தெளிவாகிவிட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1948ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 15ஆம் நாள், தம் 66ஆம் அகவையில் அண்ணாமலையார் இயற்கை எய்தினார். விடுதலை பெற்ற நாட்டில் அவர் வாழ்ந்தது ஓராண்டிற்கும் குறைவே.

அவர்க்குப் பின் இணைவேந்தர் பதவி அவர் குடும்பத்தார்க்கு வழிவழியாக வந்தது. பல்கலைக் கழகம் பல துறைகளில் விரிந்தது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில் கடல்வாழ் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1979ஆம் ஆண்டில் தொடங்கிய அஞ்சல் வழிக் கல்வி, வகுப்பறைக்கு வர இயலாத பல்லாயிரவர்க்குப் பட்டம் பெற வழி திறந்தது. 1985ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. வளர்ச்சியோடு தளர்ச்சியும் வந்தது. தேவைக்கு மிஞ்சி ஆசிரியரும் அலுவலரும் அமர்த்தப்பெற்றனர். பணியாளர் தொகை பன்னிரண்டாயிரத்தையும் கடந்தது. வரவு செலவை ஈடுசெய்ய இயலாத நிலை 2012ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஊதியத்தைக் குறைக்கவும் ஆட்களைக் குறைக்கவும் முயன்றபோது, ஆசிரியரும் ஊழியரும் வீதிக்கு வந்து போராடினர். மாதச் சம்பளத்தை நம்பிச் சிதம்பரத்தில் வாழ்ந்த குடும்பங்களின் அச்சம் எத்தகையது என்பதனை, 1906இல் சேமிப்பை இழந்தோரின் நிலையை எண்ணிப் பார்ப்போர் உணர்வர்.

2013ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் முதலில் தன் அதிகாரி ஒருவரைப் பொறுப்பாளராக அமர்த்தியது. பின்னர்ப் புதிய சட்டம் இயற்றிப் பல்கலைக் கழகத்தைத் தன் ஆட்சியின்கீழ்க் கொணர்ந்தது. நிறுவனர் குடும்பத்திற்கு 1929 முதல் இருந்த உரிமைகள் அத்துடன் முடிந்தன. கொடைக்கு நன்றி மறந்த செயல் இது என்று வருந்தினாரும் உளர். மக்கள் பொருள் சேரும் இடத்தில் மக்களாட்சியின் கணக்கு இருத்தல் வேண்டும் என்று மகிழ்ந்தாரும் உளர். நிறுவனரின் பெயரை மாற்ற எவரும் எண்ணவில்லை. மிகுதியாக இருந்த ஆசிரியரும் அலுவலரும் ஆண்டுதோறும் மாநிலத்தின் பிற கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அனுப்பப்பெற்றனர். சிலர் ஓய்வு பெறும் அகவையை அணுகிய நிலையில், அறியாத ஊரில் அறியாத பணியைக் கற்க வேண்டியவராயினர்.

மருத்துவக் கல்லூரி மாணவர், அரசாங்கம் நடத்தும் கல்லூரியில் அரசாங்கக் கட்டணமே பெறுதல் வேண்டும் என்று பல நாட்கள் அமர்ந்து போராடினர். 2021ஆம் ஆண்டில் அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பெற்றுக் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. அதே ஆண்டில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் கல்லூரிகளை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தோடு இணைக்கச் சட்டம் வழி செய்தது. 1964ஆம் ஆண்டில் கடலூரில் தொடங்கிய பெரியார் கலைக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் உடனுறைந்து கற்பதற்கென்றே திருவேட்களத்து வெளியில் எழுப்பிய பல்கலைக் கழகம், 92 ஆண்டுகள் கழித்து, தொலைவில் உள்ள கல்லூரிகளுக்கும் பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்தும் பொறுப்பை ஏற்றது.